டெல்டாவில் குடும்பக் கார்: பெயரைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

கார் வாங்கப் போகிறோம் என்று வாய் திறந்ததுமே நம் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "என்ன வண்டி?" மச்சான் ஒரு பெயர் சொல்வார், தெருமுனை மெக்கானிக் இன்னொன்று சொல்வார், பெரியப்பா தான் வைத்திருக்கும் வண்டியையே வாங்கச் சொல்வார். யாரும் தப்பாகச் சொல்வதில்லை, அவரவர் தேவைக்கு அவரவர் வண்டி. ஆனால் பெயர் கடைசியில் வரவேண்டியது. வண்டி வீட்டு வாசலுக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும், தினமும் எந்த ரோட்டில் ஓடும், அதில் யார் யார் ஏறுவார்கள் என்ற மூன்றும் தெளிவாகிவிட்டால், முப்பது பெயர் இருந்த பட்டியல் மூன்றாகச் சுருங்கிவிடும்.

இணையத்தில் வரும் கார் விமர்சனங்களில் பெரும்பாலானவை பெருநகர நெரிசலையோ மலைப்பாதையையோ மனதில் வைத்துப் பேசுபவை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் கதை வேறு. நிலம் ஒரே சமதளம். ஏற்றம் என்று சொன்னால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். வருடத்துக்கு ஒருமுறை கொடைக்கானலோ ஏற்காடோ போகிறவருக்கு அதற்காக மட்டும் பெரிய இன்ஜின் தேவையில்லை, சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி இரண்டாவது கியரில் ஏறிவிடும். இங்கே நமக்குப் பிரச்சினை சக்தி இல்லை. ரோட்டின் அகலமும், ஐப்பசி கார்த்திகைத் தண்ணீரும்தான்.

விளம்பர விலையும் வாசல் விலையும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது ஷோரூம் விலை. அதன் மேல் சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்து வருவதுதான் ஆன்ரோடு விலை. உங்கள் பட்ஜெட்டை ஆன்ரோடு விலையோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

இதில் பெரிய தொகை சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இது ஒரே தடவை கட்டும் ஆயுள் வரி.

இந்த அட்டவணையில் 10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். ஷோரூம் விலை 9,90,000 ரூபாய் என்றால் 13 சதவீதக் கணக்கில் வரி 1,28,700. அதே வண்டியில் கொஞ்சம் மேலான வேரியன்ட் 10,10,000 என்றால் வரி 18 சதவீதமாகி 1,81,800 ஆகிவிடும். விலையில் வித்தியாசம் 20,000தான், வரியில் மட்டும் 53,100 கூடுகிறது. அதோடு 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது என்றாலும், வாங்கும் அன்று கையில் இருந்துதான் போகும். விற்பனையாளர் "இன்னும் இருபதாயிரம்தான் சார், அலாய் வீல் வந்துரும்" என்பார். சரி, அந்த அலாய் வீலின் உண்மை விலை என்ன என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

நான்கு மீட்டர் இன்னொரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், நீளம் 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளோ டீசல் இன்ஜின் 1,500 சிசிக்குள்ளோ இருக்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டியவற்றுக்கு 40. மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம்தான். பல கார்கள் 3,995 மில்லிமீட்டரில் வந்து நிற்பதற்கும், சில செடான்களின் டிக்கி வெட்டிவிட்டது போல இருப்பதற்கும் இந்த நான்கு மீட்டர்தான் காரணம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு யோசனையும் காதில் விழும்: "காரைக்கால்ல பதிஞ்சா வரி கம்மி." உண்மைதான், புதுச்சேரியில் வரி குறைவு. ஆனால் பதிவுக்கு அங்கே முகவரி வேண்டும். வண்டி நிரந்தரமாகத் தமிழ்நாட்டில் ஓடினால் 12 மாதத்துக்கு மேல் வெளி மாநிலப் பதிவில் வைத்திருக்க முடியாது, மறுபதிவு செய்து இங்கும் வரி கட்டவேண்டும். நிஜமாகவே திருநள்ளாற்றில் குடியிருப்பவருக்குச் சரி. கும்பகோணத்துக்காரர் உறவினர் முகவரியைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு செக்போஸ்டிலும் மனசு அடித்துக்கொள்வது அந்தப் பணத்துக்கு ஈடாகுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்கு எடுத்தாக வேண்டும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். வெளியில் ஒரு விலை கேட்டு, அந்தத் தாளை ஷோரூம் மேசையில் வைத்தாலே பெரும்பாலும் அங்கேயும் குறைத்துத் தருவார்கள். பில்லில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு தொகை இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். கேட்டாலே காணாமல் போகும் தொகை அது.

தவணை மாதாமாதம், நெல் பணம் எப்போது?

சம்பளக்காரருக்குக் கடன் கணக்கு எளிது. 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 16,600 ரூபாய், மொத்த வட்டி ஏறக்குறைய 1.96 லட்சம். 7 வருடமாக நீட்டினால் மாதம் சுமார் 12,870 ரூபாய், வட்டி 2.81 லட்சம். மாதம் மூவாயிரத்துச் சொச்சம் குறைவது இனிப்பாகத் தெரியும், அதற்கு 85,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். அதோடு ஏழாவது வருடம் வண்டியை மாற்ற ஆசை வரும்போதும் கடன் மிச்சம் இருக்கும்.

விவசாயக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை அறுவடைப் பணம் புரட்டாசி, ஐப்பசியில் வரும், சம்பா பணம் தை, மாசியில். நடுவில் உரம், நடவு, ஆள் கூலி என்று வெளியே போகும் மாதங்களே அதிகம். இஎம்ஐயோ ஐந்தாம் தேதி ஆனால் வந்து நிற்கும். அறுவடையை ஒட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தவணையைச் சில நிதி நிறுவனங்கள் விவசாயிகளுக்குத் தருகின்றன, அதைக் கேட்டுப் பாருங்கள். வட்டி எவ்வளவு கூடுகிறது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத் தவணைத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டுக் கடன் வாங்குவது நல்லது. ஒரு போகம் பொய்த்தாலும் வண்டி வீட்டில் நிற்கும்.

தவணை மட்டும் செலவு இல்லை. பெட்ரோல், வருட இன்சூரன்ஸ், சர்வீஸ், நாற்பது ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் டயர் மாற்றுவது என எல்லாம் உண்டு. தவணை கட்டிவிட்டுப் பெட்ரோலுக்கு யோசித்து வண்டியை மூடிபோட்டு வைத்திருக்கும் வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

பெட்ரோலா, டீசலா, வேறு ஏதாவதா

மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் வண்டியை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் இருந்து கும்பகோணத்துக்கு வாரம் இரண்டு தடவை போய் வந்தாலே அதில் பெரும்பகுதி ஓடிவிடும். பெட்ரோல் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்தால் 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 5,000. டீசல் 20 தந்தால் 40 லிட்டர், சுமார் 3,700. மாதம் 1,300 மிச்சம். ஆனால் டீசல் வண்டி வாங்கும்போதே ஒரு லட்சத்துக்கு மேல் கூட ஆகும், அதற்குச் சாலை வரியும் சேர்த்து. அந்தப் பணத்தை எடுக்க ஆறேழு வருடம் வேண்டும்.

டீசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போதைய பிஎஸ்6 மாசு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி கொஞ்ச நேரம் நிதானமான வேகத்தில் தொடர்ந்து ஓடவேண்டும். கடைத்தெரு, பள்ளிக்கூடம், வயல் என்று நான்கு நான்கு கிலோமீட்டராக ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். மாதம் ஒன்றரை, இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு மட்டும் டீசல் என்பது என் கருத்து.

சிஎன்ஜி, அதாவது அழுத்தி நிரப்பும் இயற்கை எரிவாயு, சிக்கனம்தான். ஆனால் சிலிண்டர் டிக்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பங்க் உங்கள் வழியில் இருக்கவேண்டும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கும் கொடுக்கவேண்டும். பங்க் பத்து கிலோமீட்டருக்குள் இல்லாவிட்டால் சிஎன்ஜி பக்கமே போகாதீர்கள்.

மின்சாரக் கார் நம் பக்கத்துக்குப் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுக்குமாடியில் இருப்பவருக்குச் சார்ஜ் செய்யும் இடம்தான் பெரிய தலைவலி. நமக்கோ வாசலும் கொட்டகையும் இருக்கின்றன. 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி சொருகினால் அடுத்த நாள் ஓட்டத்துக்குப் போதும். பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். தமிழ்நாட்டில் மின்சாரக் காருக்குத் தந்துவரும் சாலை வரிச் சலுகை நீங்கள் வாங்கும் தேதியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் இருந்து சென்னை போனால் வழியில் ஒரு தடவை நிறுத்திச் சார்ஜ் போடவேண்டி வரும். அதுவே வீட்டின் ஒரே வண்டியாகவும், மாதம் மூன்று தடவை சென்னை போகிறவராகவும் இருந்தால் பெட்ரோலே போதும்.

வாய்க்கால் கரையும் தேங்கிய தண்ணீரும்

டெல்டாவில் கார் ஓட்டுவதன் பாதி வேலை எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குவது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், நடுவில் ஒரு பஸ் போகும் அளவு தார். அறுவடை நேரத்தில் எதிரே கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தால் யார் பின்னால் போவது என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். இங்கே வண்டியின் நீளத்தைவிட அகலம் முக்கியம். ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. வேகன் ஆர் கண்ணாடிகளைச் சேர்க்காமல் 1,620 மில்லிமீட்டர் அகலம். நெக்ஸான் 1,804. இரண்டுமே 4 மீட்டருக்குள் அடங்கும் கார்கள்தான், ஆனால் அகலத்தில் ஏழு அங்குல வித்தியாசம். வீட்டு கேட்டையும், தெருவின் மிகக் குறுகலான இடத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு ஷோரூமுக்குப் போங்கள். கண்ணாடிகளுக்கு இரண்டு பக்கமும் அரை அடியாவது விடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் பைபாஸில்தான் கூட்டிப்போவார். நேரான நான்குவழிச் சாலையில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தினமும் திருப்பும் முனையில் ஒரே தடவையில் திரும்புகிறதா, பின்னுக்கு எடுத்துவிட்டுத் திருப்பவேண்டுமா என்று பார்த்துவிடலாம். வேகத்தடையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏறிப் பாருங்கள். தரையில் இருந்து வண்டி அடிப்பாகத்தின் உயரம் ஸ்விஃப்டில் 163 மில்லிமீட்டர், நெக்ஸானில் 208. ஆள் ஏறினால் இன்னும் இறங்கும். கிராமத்து வேகத்தடைகள் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்பதால், மண் ரோடு தினசரி வழியாக இருப்பவர் 180க்கு மேல் பார்ப்பது நிம்மதி.

உயரமான வண்டி என்பதால் வெள்ளத்தில் இறக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும். காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விட்டால், மறுபடி சாவி போடும்போது உள்ளே கம்பிகள் வளைந்து இன்ஜினே போகும். தண்ணீரில் நின்றுவிட்ட வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துக்கொண்டு போவதே சரி. சாதாரண இன்சூரன்ஸ் இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்கென்றே "இன்ஜின் புரொடெக்ட்" என்று ஒரு கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர் இதை விட்டுவிடலாம், நாம் விடக்கூடாது. ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத காப்பீடு) என்பதையும் முதல் சில வருடங்களுக்கு எடுங்கள். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும்.

இன்னும் இரண்டு உள்ளூர் விஷயங்கள். அறுவடை முடிந்து ரோட்டில் காயப்போடும் வைக்கோல், உளுந்துச் செடி வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். அதன் மேல் ஏறித்தான் போகவேண்டும் என்ற நிலை வந்தால், தாண்டியதும் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். அடுத்தது எலி. நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையிலேயே காரை விட்டால் ஒயரைக் கடித்துவிடும். பானட்டுக்குக் கீழே கம்பிவலை போட்டுத் தருவதை ஷோரூமிலேயே கேட்டுப் பாருங்கள். அவர்கள் விற்கும் மற்ற அலங்காரச் சாமான்களைவிட அது உருப்படியானது.

யார் ஏறப் போகிறார்கள்

குலதெய்வம் கோயில், வேளாங்கண்ணி, முகூர்த்தம், துக்கம் என்று எல்லாவற்றுக்கும் குடும்பமே கிளம்பும் ஊர் இது. அதனால் ஏழு சீட் வண்டி மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் மூன்றாவது வரிசையில் நீங்களே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், முழங்கால் நெஞ்சுக்கு வரும். குழந்தைகளுக்கு அது சரி. ஏழு பேரும் ஏறினால் பெட்டி வைக்க இடமும் குறையும்: எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி 209 லிட்டர், டிரைபரில் 84 லிட்டர். அதாவது ஒரு சீர்வரிசைத் தட்டுக்கே திண்டாட்டம். வாரம் ஒரு தடவையாவது ஆறு பேர் ஏறும் வீடு என்றால் ஏழு சீட் வாங்குங்கள். வருடத்துக்கு நாலு தடவை என்றால் ஐந்து சீட் வாங்கிவிட்டு, அந்த நாலு தடவைக்கு வாடகை வேன் எடுப்பது எவ்வளவோ மலிவு.

வீட்டில் முட்டி வலியுள்ள பெரியவர் இருந்தால் அவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போவது எல்லா ஆராய்ச்சியையும்விட மேல். செடானில் கீழே அமிழ்ந்து உட்கார்ந்து, எழும்போது கையை ஊன்றவேண்டும். உயரமான எஸ்யுவியில் புடவையைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். அம்மா பக்கவாட்டில் நின்று, அப்படியே உட்கார்ந்து, காலை உள்ளே திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். சீட்டு ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருந்தால் முடியும். கதவு அகலமாகத் திறக்கிறதா, பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா, பின்சீட்டுக்குத் தனி ஏசி துவாரம் உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சித்திரை வெயிலில் பின்னால் உட்காருபவருக்குத்தான் அந்தத் துவாரத்தின் அருமை தெரியும். அதே வெயிலில் சன்ரூஃபுக்காக நாற்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாதுகாப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2023 அக்டோபரில் இருந்து பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை என்று தனித்தனியாக வெளியிடுகிறார்கள். நீங்கள் வாங்கும் மாடலுக்கு மதிப்பெண் இருக்கிறதா என்று தேடுங்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பின்சீட்டில் இருக்கவேண்டும். அப்புறம், பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போடுவது சட்டப்படி கட்டாயம். விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் நூறில் போகும்போது இது பேச்சுக்கு இல்லை.

கியர் பற்றி நீட்ட வேண்டாம். கும்பகோணம் கடைத்தெருவிலேயே நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு ஆட்டோமேட்டிக் வசதி. அதில் ஏஎம்டி (மேனுவல் கியரையே தானாக மாற்றும் வகை) மலிவு, கொஞ்சம் உதறும். மற்றவர்களுக்கு மேனுவல் போதும்.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பது கடைசி வடிகட்டி. வேதாரண்யத்திலும் முத்துப்பேட்டையிலும் இருப்பவர் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தஞ்சாவூர் வரை வந்து ஒரு நாளைத் தொலைக்கவேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல வண்டியும் இரண்டு வருடத்தில் அலுத்துவிடும்.

எப்போது வாங்குவது

ஆடியில் வண்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் ஷோரூம்களில் தள்ளுபடி பேச வாய்ப்பு அதிகம். சம்பிரதாயம் பார்க்கும் வீடு என்றால் ஆடியில் விலை பேசி முன்பணம் கொடுத்துவிட்டு ஆவணியில் டெலிவரி எடுங்கள். பேசிய விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரிலும் குறைப்பார்கள். ஆனால் விற்கும்போது ஒரு வருடம் பழைய வண்டியாகக் கணக்கிடுவார்கள், பத்து வருடம் வைத்திருப்பவருக்கு அது பெரிய நஷ்டம் இல்லை.

முழுப் பணத்தைக் கட்டுவதற்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கு முன், உங்களுக்கு ஒதுக்கிய அதே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்த மாதமும் வருடமும், டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியும் (முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும்), ஓடிய கிலோமீட்டர், பெயின்டில் கீறல், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் சரிபாருங்கள். சேசிஸ் எண் (வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்) பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகவேண்டும். குறை இருந்தால் வேறு வண்டி கேட்கும் வழி அப்போது மட்டும்தான் இருக்கும். ஆர்டிஓவில் உங்கள் பெயரில் எண் விழுந்த பிறகு கீறலோ பழைய டயரோ எது இருந்தாலும் அது உங்கள் வண்டி.